வழுக்கையும் தண்ணீர் மீதான பழியும்

முடி கொட்டுகிறது என்றாலே தமிழ்நாட்டில் முதலில் பழி விழுவது தண்ணீர் மீதுதான். போர்வெல் உப்புத் தண்ணீர் தலையைக் கெடுத்துவிட்டது என்பது ஏறக்குறைய எல்லா வீட்டிலும் கேட்கும் பேச்சு. ஆண்களின் வழுக்கைக்கு இந்த விளக்கம் பொருந்தாது. காரணம் மயிர்க்காலுக்குள்ளேயே இருக்கிறது என்பதே இக்கட்டுரையின் வாதம். தலையில் ஊற்றும் தண்ணீர் உச்சிக்கும் பிடரிக்கும் ஒன்றுதான். ஆனால் முன்நெற்றியும் உச்சியும் வெறிச்சோடிய பின்னும் காதோரத்திலும் பிடரியிலும் முடி முதுமைவரை நிற்கிறது. தண்ணீரைக் குற்றம் சொல்பவர்கள் இந்த எல்லைக்கோட்டுக்கு விடை சொல்லியாக வேண்டும். நியூயார்க் தோல் மருத்துவர் நார்மன் ஒரென்ட்ரைக் 1959இல் வெளியிட்ட சோதனை இதைத் தெளிவாக்கியது. பிடரித் தோலை முடியோடு எடுத்து வழுக்கைப் பகுதியில் பதித்தபோது அங்கே முடி தொடர்ந்து வளர்ந்தது. வழுக்கைத் தோலைப் பிடரியில் பதித்தபோது அது வழுக்கையாகவே இருந்தது. இடம் மாறியும் மயிர்க்காலின் இயல்பு மாறவில்லை. உச்சிக்கு ரத்த ஓட்டம் குறைவு என்ற பழைய விளக்கமும் இதோடு அடிபட்டுப் போகிறது.

அந்த இயல்பைத் தூண்டுவது ஆண் ஹார்மோன். பருவமடையும் முன்பே விதை நீக்கப்பட்டவர்களுக்கு வழுக்கை விழுவதில்லை என்றும், டெஸ்டோஸ்டிரோன் கொடுத்தால் பரம்பரைப் போக்கு உள்ளவர்களுக்கு விழத் தொடங்குகிறது என்றும் ஜேம்ஸ் ஹாமில்டன் 1942இல் காட்டினார். அப்படியானால் ஹார்மோன் மிகுந்தவர்களுக்கே வழுக்கை விழுமா? இல்லை. வழுக்கை விழுந்தவர்களில் பெரும்பாலோரின் ஹார்மோன் அளவு மற்றவர்களைப் போலத்தான் இருக்கிறது. டெஸ்டோஸ்டிரோனிலிருந்து உண்டாகும் டைஹைட்ரோடெஸ்டோஸ்டிரோனுக்கு மயிர்க்கால் எவ்வளவு இணங்குகிறது என்பதில்தான் வேறுபாடு. டொமினிக்கன் குடியரசின் சலினாஸ் கிராமத்தில், இந்த மாற்றத்தைச் செய்யும் நொதி பிறவியிலேயே குறைந்த ஆண்களைப் பற்றி 1974இல் ஆய்வு வெளிவந்தது. அவர்களுக்கு முன்நெற்றி ஏறுவதில்லை. நொதி வேலை செய்யும் தலையில், இணங்கும் மயிர்க்கால்களின் வளர்ச்சிப் பருவம் சுற்றுக்குச் சுற்று குறுகி, முடி மெலிந்து, கடைசியில் பூனைமுடியாகிறது.

ஊர் மாறி ஹாஸ்டலில் சேர்ந்த சில மாதங்களில் கொத்துக்கொத்தாகக் கொட்டுகிறதே என்பது வலுவான மறுப்பு. அந்த அனுபவம் பொய்யல்ல. ஆனால் காய்ச்சல், பிரசவம், திடீர் எடைக் குறைவு, கடும் மன அழுத்தம் ஆகியவற்றில் ஒன்று நேர்ந்தால், வளர்ந்துகொண்டிருந்த முடிகள் ஒரே சமயத்தில் ஓய்வுக்குப் போய், இரண்டு மூன்று மாதம் கழித்துத் தலை முழுதும் உதிரும். இடையில் இவ்வளவு நாள் ஓடிவிடுவதால் காய்ச்சல் மறந்துபோகிறது; கண்ணெதிரே இருக்கும் குழாய் குற்றவாளியாகிறது. சீப்பில் சிக்கிய முடியைப் பார்த்தாலே பாதி விளங்கும். ஒரு முனையில் சிறு வெள்ளைக் குமிழ் இருந்தால் அது வேரோடு கழன்றது. இல்லாவிட்டால் பெரும்பாலும் நடுவில் ஒடிந்தது. உப்புத் தண்ணீர் முடியைச் சொரசொரப்பாக்கலாம், சிக்காக்கி ஒடியவும் விடலாம். அந்த அளவுக்கு மக்கள் சொல்வதில் உண்மை உண்டு. தோலுக்கடியில் இருக்கும் மயிர்க்காலை அது சுருக்குவதில்லை. காய்ச்சலுக்குப் பின் உதிர்ந்தது பெரும்பாலும் ஓராண்டுக்குள் திரும்ப முளைக்கும். வழுக்கையின் போக்கு வேறு. மினாக்சிடில், ஃபினாஸ்டரைடு ஆகிய மருந்துகள் இருக்கும் முடியைக் காப்பதில்தான் அதிகம் உதவுகின்றன; பூனைமுடியாகி நெடுநாளான இடத்தில் அவற்றால் ஆவது சொற்பம். அதனால் வடிகட்டியை மாற்றி மாற்றிப் பார்த்துக் கழியும் ஆண்டுகள், சிகிச்சை பலன் தந்திருக்கக்கூடிய ஆண்டுகள்.