மெத்தை முதல் மென்பொருள் வரை: அறையோடு மல்லுக்கட்டிய கதை

ஹோம் தியேட்டர் ஆம்ப்ளிஃபையர் வாங்கினால் பல மாடல்களில் பெட்டிக்குள்ளேயே ஒரு சின்ன மைக்கும் வரும். சோபாவில் நாம் உட்காரும் இடத்தில் அதை வைத்துவிட்டு பட்டனை அழுத்தினால், ஸ்பீக்கர்கள் ஒவ்வொன்றாக 'வூப்... வூப்...' என்று குரல் கொடுக்கும். சில நிமிடத்தில் டிவியில் 'முடிந்தது' என்று வரும். அறையின் குறையை எல்லாம் திருத்தியாச்சுன்னு அர்த்தம்.

சரி, உண்மையில் அது எதைத் திருத்தியது? இன்னைக்கு எபிசோட் அதைப் பத்தித்தான். இதுக்குப் பதில் சொல்ல 1895-ல இருந்து ஆரம்பிக்கணும்.

அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் ஃபாக் கலை அருங்காட்சியகம் என்று ஒரு புதுக் கட்டடம். பார்க்க அழகாக இருக்கும். ஆனால் அதிலிருந்த விரிவுரைக் கூடத்தில் யார் பேசினாலும் ஒன்றும் புரியாது. ஒரு சொல்லைச் சொன்னால் அது முழுவதும் அடங்க ஐந்தரை வினாடி போல ஆகும். அதற்குள் பேசுபவர் அடுத்த பத்துப் பன்னிரண்டு சொற்களைச் சொல்லி முடித்திருப்பார். எல்லாம் ஒன்றின் மேல் ஒன்றாக விழுந்து வெறும் இரைச்சலாகிவிடும். இந்த நீடிக்கும் ஒலியைத்தான் எதிர்முழக்கம் என்கிறோம்.

இதைச் சரி செய்யச் சொல்லி ஒரு இளம் இயற்பியல் ஆசிரியரிடம் கொடுத்தார்கள். பெயர் வாலஸ் சேபைன். அவரிடம் மைக் கிடையாது, மீட்டர் கிடையாது. ஒரு ஆர்கன் குழாய், நேரம் குறிக்க ஒரு கருவி, தன்னுடைய காது, அவ்வளவுதான். தெருச் சத்தம் இல்லாத நேரம் வேண்டுமென்பதால் ராத்திரியில்தான் வேலை. பக்கத்திலிருந்த சாண்டர்ஸ் தியேட்டரின் இருக்கை மெத்தைகளை ஆட்களை வைத்துத் தூக்கி வந்து அடுக்குவார். குழாயை ஊதி நிறுத்துவார். ஒலி எப்போது காதுக்கு எட்டாமல் போகிறது என்று நேரம் பார்ப்பார். இன்னும் கொஞ்சம் மெத்தை, மறுபடி அளவு. விடிவதற்குள் மெத்தைகள் தியேட்டருக்குத் திரும்பிவிட வேண்டும்!

இப்படி வந்ததுதான் இன்றும் பொறியாளர்கள் போடுகிற கணக்கு. அறையின் கொள்ளளவு கூடினால் ஒலி நீடிக்கும், ஒலியை உறிஞ்சும் பொருள் கூடினால் சீக்கிரம் அடங்கும். 1900-ல் திறந்த பாஸ்டன் சிம்பொனி ஹாலுக்கு இந்தக் கணக்கு பயன்பட்டது. நாம கவனிக்க வேண்டியது ஒண்ணு. சேபைனுக்கு அறை என்றால் *நேரம்*. எத்தனை வினாடி என்பதுதான் கேள்வி. பதிலும் அறைக்குள் எதையாவது கொண்டுவந்து வைப்பதுதான்.

இன்னொரு பக்கம் ஈக்வலைசர். அது பிறந்தது இசைக்காக இல்லை, தொலைபேசிக்காக. நீளமான கம்பியில் பேச்சின் உயர்ந்த அதிர்வெண்கள் வழியிலேயே தேய்ந்துபோகும். தேய்ந்ததை மறுமுனையில் ஈடுகட்டி எல்லாவற்றையும் சமமாக்குகிற மின்சுற்றுக்குத்தான் அந்தப் பெயர். இங்கே கேள்வி நேரம் இல்லை, *அளவு*. எந்த அதிர்வெண் எவ்வளவு குறைந்தது, எவ்வளவு கூட்ட வேண்டும் என்பதுதான்.

இந்த இரண்டும் சந்தித்த இடங்களில் முக்கியமானது டெக்சஸ் மாநிலம். டல்லாஸ் லவ் ஃபீல்ட் விமான நிலையத்தின் அறிவிப்பு ஒலிபெருக்கிகளுக்கு ஈக்வலைசர் போட்டு வெற்றி கண்டதாக வெய்ன் ருட்மோஸ் 1958-ல் எழுதினார். அடுத்து வந்தவர்தான் இந்தக் கதையில் எனக்கு ரொம்பப் பிடித்தவர். டெக்சஸ் பல்கலைக்கழக இயற்பியல் பேராசிரியர் சார்ல்ஸ் பால் போனர்.

மைக் 'கூ'ன்னு ஊளையிடுறதை எல்லாரும் கேட்டிருப்போம். ஸ்பீக்கரின் ஒலி அறையைச் சுற்றி மைக்குக்கே திரும்பி வந்து, மறுபடி பெருகி, மறுபடி வந்து... இப்படி வளர்கிற வட்டம் அது. அந்த ஊளை பெரும்பாலும் ஒரே ஒரு அதிர்வெண்ணில்தான் தொடங்கும். அந்த அறையில், அந்த மைக்குக்கும் அந்த ஸ்பீக்கருக்கும் நடுவில் எது எல்லாவற்றையும் விட ஓங்கி நிற்கிறதோ, அதில். போனர் ஒலியைக் கூட்டுவார், ஊளை வரும். அதன் அதிர்வெண்ணைக் கண்டுபிடித்து, சுருள்களும் மின்தேக்கிகளும் வைத்த ஒரு ஒல்லியான ஃபில்டரால் அதை மட்டும் வெட்டுவார். மறுபடி கூட்டுவார். அடுத்த ஊளை, அடுத்த ஃபில்டர். இப்படியே போனால் கடைசி வரிசையில் இருப்பவருக்கும் கேட்கிற அளவுக்கு ஒலியை உயர்த்த முடியும். கூடத்தின் கடைசி பெஞ்சில் இருக்கிறவருக்கு அது பெரிய விஷயம்.

இதை விற்பனைப் பொருளாக்கியது ஆல்டெக் லான்சிங் நிறுவனம். 1967-ல் 'அகூஸ்டா-வாய்ஸ்' என்ற பெயரில், மூன்றில் ஒரு ஆக்டேவ் அகலமுள்ள ஃபில்டர்களின் வரிசை வந்தது. அந்த ஃபில்டர்களால் குறைக்க மட்டும்தான் முடியும், கூட்ட முடியாது. இதை மனசுல வெச்சுக்குங்க, பின்னாடி தேவைப்படும்.

போனர் வெற்றி பெற்றதற்கு ஒரு காரணம் உண்டு. அவருடைய மைக்கும் ஸ்பீக்கரும் அசையாது. இரண்டு புள்ளிகளுக்கு நடுவிலுள்ள பாதையைத்தான் அவர் திருத்தினார். ஆனால் பேச்சுவழக்கில் அது 'ரூம் ஈக்வலைசேஷன்' ஆகிவிட்டது. பெயர் வந்ததும் அறையையே திருத்தலாம் என்ற நம்பிக்கையும் கூடவே வந்துவிட்டது என்பது என் கணிப்பு.

எழுபது எண்பதுகளில் கிராஃபிக் ஈக்வலைசர் வீடுகளுக்கு வந்ததைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. யாரும் அளக்கவில்லை. பேஸ் மேலே, ட்ரெபிள் மேலே, நடுவில் பள்ளம். பட்டன்களைச் சிரிப்பு மாதிரி வளைத்து வைத்து ரசித்தோம்.

1982-ல் சிடி வந்து இசை எண்களானது. எண்ணாகிவிட்டால் கணக்குப் போடலாமே! அறை ஒலியை எப்படி மாற்றுகிறது என்று அளந்து, அதற்கு நேர்மாறான கணக்கை முன்கூட்டியே பாட்டில் போட்டுவிட்டால் அறை மறைந்துவிடாதா? ஆசை நியாயமானதுதான். ஆனால் சிடி வருவதற்கு முன்பே, 1979-ல், ஸ்டீபன் நீலியும் ஜான்ட் ஆலனும் இந்தக் கேள்வியைச் சோதித்துவிட்டார்கள். அறையின் ஒலி நடத்தையைப் பல சமயம் அப்படியே தலைகீழாக்க முடியாது என்பதே முடிவு. சுவரில் பட்டுத் திரும்பும் ஒலிகளைச் சரியாக அழிக்க வேண்டுமானால், ஃபில்டர் சில வேலைகளை ஒலி வருவதற்கு *முன்னாலேயே* செய்ய வேண்டியிருக்கும். பாட்டைக் கொஞ்சம் தாமதித்து ஒலிபரப்பி ஓரளவு ஏமாற்றலாம். ஆனால் கணக்கு கொஞ்சம் பிசகினாலும் தபலாவின் அடி விழும் முன்பே அதன் நிழல் கேட்கும். அதோடு 10,000 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் மூன்றரை சென்டிமீட்டர்கூட இல்லை. தலையைக் கொஞ்சம் திருப்பினால் அளந்தது வேறு, கேட்பது வேறு.

அப்போ எல்லாம் வீணா? இல்லை. பேஸ் பக்கம் வாங்க.

14 அடி நீளம், 12 அடி அகலம், 10 அடி உயரமுள்ள ஒரு அறையை எடுத்துக்கொள்வோம். எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவில் சில அதிர்வெண்கள் கச்சிதமாகப் பொருந்தி நின்று முழங்கும். நீளவாக்கில் சுமார் 40 ஹெர்ட்ஸ், அகலவாக்கில் 47, உயரவாக்கில் 56. அந்த 40 ஹெர்ட்ஸ் சுவர் ஓரத்தில் இடி மாதிரி கேட்கும், அறையின் நடுவில் காணாமல் போகும். ஜிப்சம் பலகைச் சுவர் என்றால் கொஞ்சம் அதிர்ந்து பேஸை உறிஞ்சிக்கொள்ளும். நம்ம ஊர் செங்கல், கான்கிரீட் சுவர் அப்படியே திருப்பி அடிக்கும். இப்படித் தனித்தனி முழக்கங்கள் ஆட்சி செய்யும் பகுதி எங்கே முடிகிறது என்பதற்கு ஜெர்மனியைச் சேர்ந்த மன்ஃப்ரெட் ஷ்ரோடர் ஒரு சூத்திரம் தந்தார். நம்ம அறைக்கு, எதிர்முழக்கம் அரை வினாடி என்று வைத்தால், அது 200 ஹெர்ட்ஸ் பக்கம் வரும்.

அந்தக் கோட்டுக்குக் கீழே ஈக்வலைசர் நிஜமாகவே வேலை செய்கிறது. அங்கே தனித்து நிற்கும் ஒரு முழக்கத்தில் அளவும் நேரமும் ஒன்றோடொன்று கட்டுண்டவை. 40 ஹெர்ட்ஸ் மேட்டை அதே வடிவத்தில் வெட்டினால் அளவு மட்டும் குறையாது, 'ம்ம்ம்' என்று இழுத்துக்கொண்டு நிற்கும் வாலும் சேர்ந்து சுருங்கும். சேபைன் மெத்தை சுமந்து செய்ததை, ஒரு சின்ன எல்லைக்குள், ஃபில்டர் செய்துவிடுகிறது. ஆனால் மேட்டை வெட்டலாமே தவிர, பள்ளத்தை நிரப்ப முடியாது. பள்ளம் என்பது நேராக வரும் அலையும் சுவரில் பட்டு வரும் அலையும் ஒன்றையொன்று அழிக்கும் இடம். ஒன்றைக் கூட்டினால் மற்றதும் கூடும். 10 டெசிபல் கூட்ட ஆம்ப்ளிஃபையர் பத்து மடங்கு சக்தி தர வேண்டும், ஸ்பீக்கர் திணறும், பள்ளம் அப்படியே இருக்கும். ஆல்டெக்காரர்கள் 'குறைக்க மட்டும்' என்று வைத்த வழக்கம் வீட்டு பேஸுக்கும் பொருந்துகிறது.

2000-க்குப் பிறகு எல்லாம் வேகம். இத்தாலியின் ஆஞ்சலோ ஃபரினா, தாழ்விலிருந்து உச்சிவரை ஏறும் ஒரே 'வூப்' ஒலியால் அறையைத் துல்லியமாக அளக்கும் முறையை 2000-ல் முன்வைத்தார். ஸ்வீடனில் டிராக், அமெரிக்காவில் ஆடிஸ்ஸி என்று நிறுவனங்கள் வந்தன. ஜான் மல்காஹியின் 'ரூம் ஈக்யூ விஸார்ட்' இலவசமாகவே கிடைக்கிறது. ஒரு காலத்தில் ஆய்வகத்தில் மட்டும் இருந்த வசதி இன்று லேப்டாப்பில்.

எதிர்க்குரலும் வந்தது. கனடாவின் தேசிய ஆராய்ச்சி மன்றத்தில் பல வருடம் ஸ்பீக்கர்களை ஆராய்ந்த ஃப்ளாய்ட் டூல், 2015-ல் இந்த அளவீடுகளைப் பற்றி நீண்ட கட்டுரை எழுதினார். அவருடைய வாதத்தை நம்ம பாஷையில் சொன்னால் இப்படி: அம்மா குளியலறையில் பேசினாலும் மொட்டைமாடியில் பேசினாலும் அம்மா குரல்தான். காது நேராக வரும் ஒலியையும் சுவரிலிருந்து வருவதையும் பிரித்துக்கொள்கிறது. சோபாவில் வைத்த மைக்குக்கு அது தெரியாது, இரண்டையும் கூட்டி ஒரே கோடாக வரைந்துவிடும். அந்தக் கோட்டை நேராக்கப் போய், நல்ல ஸ்பீக்கரின் நேரடி ஒலியைக் கெடுத்துவிடலாம். நான் இந்த விஷயத்தில் டூல் கட்சி. இப்போது பல சாஃப்ட்வேர்களில் 'எந்த அதிர்வெண் வரை திருத்த வேண்டும்' என்று நாமே எல்லை வைக்கலாம். அந்த அமைப்பைத் தேடிப் பாருங்க.

பள்ளத்துக்கு வழியே இல்லையா என்று கேட்டால், இருக்கு. ஆனால் சாஃப்ட்வேரில் இல்லை. ஹார்மன் நிறுவனத்தின் டாட் வெல்டி 2002-ல் ஒரு அறையில் எத்தனை சப்வூஃபர், எங்கே வைக்கலாம் என்று ஆராய்ந்தார். நான்கு சுவர்களின் நடுவில் நான்கு வைத்தால் இருக்கைகளுக்குள் வித்தியாசம் நன்றாகக் குறைகிறது. எதிரெதிர்ச் சுவர்களின் நடுவில் இரண்டு வைத்தாலே கிட்டத்தட்ட அந்தப் பலன். ஒன்றுதான் இருக்கிறது என்றால், உட்காரும் இடத்தைச் சுற்றி ஐந்தாறு புள்ளிகளில் அளந்து, 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே மட்டும் பாருங்க. மேடு தெரிந்தால் வெட்டுங்க. பள்ளம் தெரிந்தால் சப்வூஃபரை ஒரு அடி நகர்த்தி, மறுபடி அளந்து பாருங்க.