கதவைத் தட்டிய பதிவேடுகள்: கொழும்புத் தமிழரும் கருப்பைக் கழுத்துத் தடுப்பூசியும்

2017 ஆம் ஆண்டு இலங்கையின் தேசிய தடுப்பூசித் திட்டத்தில் எச்.பி.வி. தடுப்பூசி சேர்த்துக்கொள்ளப்பட்டது. தரம் 6 இல் கற்கும் மாணவிகளுக்கு, அதாவது பத்து, பதினொரு வயதுச் சிறுமிகளுக்கு, ஆறு மாத இடைவெளியில் இரண்டு தடவைகள், பாடசாலையிலேயே, இலவசமாக. கருப்பைக் கழுத்துப் புற்றுநோயைத் தோற்றுவிக்கும் ஹியூமன் பப்பிலோமா வைரஸைத் தடுப்பது அதன் நோக்கம். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களைப் பொறுத்தவரை அந்தச் சிறிய ஊசிக்குப் பின்னால் நீண்டதொரு வரலாறு உண்டு. அது மருத்துவத்தின் வரலாறு மட்டுமல்ல, வீட்டு வாசலின் வரலாறும் கூட.

எட்வேர்ட் ஜென்னரின் அம்மைப்பால் 1802 ஜூன் மாதம் பம்பாயை அடைந்தது. அதே ஆண்டில் இலங்கைக்கும் வந்து சேர்ந்தது. ஆளுநர் பிரெடரிக் நோர்த்தின் ஆட்சிக்காலம் அது. குளிரூட்டி இல்லாத அந்நாட்களில் மருந்து பயணித்தது குழந்தைகளின் கைகளில்தான். ஒரு குழந்தைக்குக் குத்தி, எட்டாம் நாளளவில் எழும் கொப்புளத்திலிருந்து நீரெடுத்து அடுத்த குழந்தைக்குக் குத்துவார்கள். யாருடைய பிள்ளையின் கையிலிருந்து யாருடைய பிள்ளையின் கைக்கு என்ற கேள்வி, சாதி பார்க்கும் சமூகத்தில் எழாமல் இருக்குமா? அம்மையை மாரியம்மனின் வருகை என்று கருதி வேப்பிலை செருகிய வீட்டுக்குள் அரசாங்கத்தின் ஊசிக்காரர் நுழைவது இன்னொரு சங்கடம். 1886 இல் வந்த சட்டம் அம்மை குத்துவதைக் கட்டாயமாக்கிற்று. முதல் நூறு ஆண்டுகளில் தடுப்பூசி என்பது நம் மக்களுக்குக் கட்டளையாகவே அறிமுகமானது.

அந்தக் கட்டளைக்கு மனித முகம் வாய்த்தது இருபதாம் நூற்றாண்டில். 1926 இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கப்பட்டது. சுகாதார வைத்திய அதிகாரி, பொதுச் சுகாதாரப் பரிசோதகர், குடும்பநல மருத்துவமாது என்போரைக் கொண்ட அந்த ஏற்பாடு பின்னர் நாடெங்கும் பரவியது. கொழும்பு மாநகர சபைக்கெனத் தனியான பொதுச் சுகாதாரத் திணைக்களம் உண்டு. 1949 இல் பீ.சீ.ஜி., 1978 இல் விரிவாக்கப்பட்ட தடுப்பூசித் திட்டம், 1996 இல் ருபெல்லா என்று ஒவ்வொன்றாக வந்தபோது, அவற்றை மக்களிடம் கொண்டு சேர்த்தவர்கள் பெரும்பாலும் இந்த மருத்துவமாதர்களே. வீடுகளில் அவர்களை ‘மிஸ்ஸி’ என்பார்கள். பிள்ளை பிறக்குமுன்பே அந்த வீட்டுக்கு வந்து போனவர் என்பதால் அவர் சொல்லுக்குத் தனி மதிப்பு.

மிஸ்ஸியின் கையில் ஒரு பதிவேடு இருக்கும். வீட்டில் எத்தனை பேர், கர்ப்பிணி உண்டா, குழந்தைக்கு எத்தனை மாதம் என்று அதில் எழுதிக்கொள்வார். ஆனால் கொழும்புத் தமிழரின் கதவைத் தட்டிய பதிவேடு அது ஒன்று மட்டுமல்ல. வீட்டில் தங்கியிருப்போரின் பெயர், அடையாள அட்டை இலக்கம், சொந்த ஊர், எதற்காக வந்தார் என்ற விபரங்களைக் கேட்ட பொலிஸ் படிவங்களும் இருந்தன. 2007 ஜூன் 7 ஆம் திகதி அதிகாலை வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை ஆகிய இடங்களின் விடுதிகளில் தங்கியிருந்த 376 தமிழர்கள் பஸ்களில் ஏற்றப்பட்டுக் கொழும்பிலிருந்து வெளியேற்றப்பட்டனர். மறுநாள் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்த பின்னரே அது நின்றது. கதவைத் திறக்குமுன் ‘யார்?’ என்று மூன்று முறை கேட்ட வீடுகளை அந்நாட்களில் நான் கண்டிருக்கிறேன். அதே கதவைத்தான் மிஸ்ஸியும் தட்ட வேண்டியிருந்தது.

அடுத்த ஆண்டுகளில் தடுப்பூசியின் மீதே ஐயம் எழுந்தது. 2008 ஜனவரியில் குழந்தைகளுக்கு அறிமுகமான ஐந்து நோய்களுக்கான கூட்டுத் தடுப்பூசி, சில மரணங்கள் பதிவானதைத் தொடர்ந்து ஏப்ரலில் நிறுத்தப்பட்டது. ஆராய்ந்து பார்த்து 2010 இல்தான் மீண்டும் வழங்கத் தொடங்கினர். 2009 இல் மாத்தறையில் பாடசாலையில் ருபெல்லா ஊசி ஏற்றப்பட்ட மாணவி ஒருவர் இறந்தார். 2013 இல் கிளிநொச்சியின் சில கிராமங்களில் தமிழ்ப் பெண்களுக்கு வற்புறுத்திக் கருத்தடைச் சாதனம் பொருத்தப்பட்டதாக முறைப்பாடுகள் எழுந்தன. 2018 இல் அம்பாறையில் உணவகமொன்றின் சாப்பாட்டில் மலட்டு மாத்திரை கலக்கப்பட்டதாகக் கிளப்பப்பட்ட வதந்தி, முஸ்லிம்களுக்கெதிரான வன்முறையாக வெடித்தது. பெண்ணின் கருப்பை இந்த நாட்டில் இன அரசியலின் களமாகவும் இருந்து வந்துள்ளது. அத்தகைய நாட்டில் பத்து வயதுப் பெண்பிள்ளைக்கு, கருப்பையைக் காப்பாற்றுவதற்கென்று சொல்லி அரசாங்கம் ஓர் ஊசியை நீட்டும்போது, ‘இதனால் பிற்காலத்தில் பிள்ளைப்பேறு கெட்டுவிடாதா?’ என்று ஒரு தாய் கேட்டால் அதைப் படிப்பறிவின்மை என்று ஒதுக்குவோருடன் எனக்கு உடன்பாடில்லை. அவள் கேட்பது உயிரியல் கேள்வி மட்டுமல்ல. அதற்குரிய பதிலோ தெளிவானது: இந்தத் தடுப்பூசிக்கும் மலட்டுத்தன்மைக்கும் தொடர்பில்லை. தடுக்கப்படாத புற்றுநோயும் அதற்கான சிகிச்சையுமே கருப்பையை இழக்கச் செய்கின்றன.

இந்தக் கேள்விக்குப் பொறுமையாகப் பதில் சொல்லாத இடங்களில் என்ன நடந்தது என்பதற்கு அயலிலேயே உதாரணம் உண்டு. 2009 இல் ஆந்திராவின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வதோதராவிலும் ‘பாத்’ என்ற அமெரிக்கத் தொண்டு நிறுவனம் இதே தடுப்பூசியைச் சிறுமிகளுக்கு வழங்கும் மாதிரித் திட்டமொன்றை நடத்தியது. ஏழு சிறுமிகள் இறந்ததாகச் செய்தி வந்ததும் 2010 ஏப்ரலில் அது நிறுத்தப்பட்டது. மரணங்களுக்கும் ஊசிக்கும் தொடர்பு காணப்படவில்லை. ஆனால் பழங்குடிச் சிறுமிகள் தங்கிப் படித்த விடுதிகளில் பெற்றோருக்குப் பதிலாக விடுதிக் காப்பாளர்களே சம்மதப் படிவங்களில் ஒப்பமிட்டிருந்தது வெளிவந்தது. 2013 இல் நாடாளுமன்ற நிலைக்குழு இதைக் கடுமையாகக் கண்டித்தது. மருந்தில் பிழையில்லை, கேட்க வேண்டியவரைக் கேட்காமல் விட்டதே பிழை. அந்தப் பிழையின் நிழல் இந்தியாவில் நெடுநாள் நீடித்தது. தமிழ்நாடு அரசு 14 வயதுச் சிறுமிகளுக்கான திட்டத்துக்கென 36 கோடி ரூபாவை ஒதுக்கியது 2025 ஆம் ஆண்டின் வரவுசெலவுத் திட்டத்தில்தான். செல்வந்த நாடுகளும் தப்பவில்லை. ஜப்பான் 2013 ஜூனில் இந்த ஊசிக்கான பரிந்துரையை இடைநிறுத்தியது. எழுபது சதவீதமளவில் இருந்த ஏற்பு ஒரு சதவீதத்துக்கும் கீழே போனது. பரிந்துரையை மீண்டும் வழங்க 2022 ஏப்ரல் வரை ஆயிற்று.

கொழும்பில் மேடையும் ஒலிபெருக்கியும் செய்யாததைப் பாடசாலை செய்தது என்பதே என் கணிப்பு. வகுப்பாசிரியை, பெற்றோர் கூட்டம், முன்பே தெரிந்த பொதுச் சுகாதாரப் பரிசோதகர். தரம் 7 இல் ஏற்புவலி ஊசி ஏற்றுவது பெற்றோருக்குப் பழகிய விடயம். அந்த வரிசையில் இதுவும் ஒன்றாயிற்று. வைரஸ் எவ்வழியாகப் பரவுகிறது என்பதைவிடப் புற்றுநோயைத் தடுக்கலாம் என்பதே முன்னிறுத்தப்பட்டது. பத்து வயதுப் பிள்ளைக்கு இது எதற்கு என்று கேட்போருக்கு, தொற்று ஏற்படுமுன் ஏற்றினால்தான் பயன், இளவயதில் உடலின் எதிர்ப்பாற்றலும் கூடுதலாக எழும் என்ற விளக்கம் போதுமாக இருந்தது. அது விவேகமான வழிதான். ஆயினும் அந்த விவேகத்துக்குள் நம்முடைய பழைய மௌனமும் ஒளிந்துகொண்டது.

அந்த மௌனத்தைப் பத்திரிகைக்காரர்கள் நன்கறிவோம். மரண அறிவித்தல் பகுதியில் ‘சிறிதுகாலச் சுகவீனத்தின் பின்’ என்று எத்தனை பெண்களைப் பற்றிப் படித்திருக்கிறோம்! மாரடைப்பென்றால் எழுதுவார்கள், இந்த நோயென்றால் எழுதமாட்டார்கள். நான் பணியாற்றிய ஒரு செய்தி மேசையில் ‘கருப்பை’ என்ற சொல் தலைப்பில் வந்தால் ‘பெண்களுக்கான நோய்’ என்று திருத்தப்படும். வேடிக்கை என்னவெனில், 1847 இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் இருந்தபடி பிரசவ வைத்தியத்தைத் தமிழில் நூலாகவே தந்தவர். நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பே நம் மாணவர்கள் கூசாமல் தமிழில் படித்ததை நாம் அச்சேற்றத் தயங்கினோம். தமிழகத்தார் கருப்பை வாய் என்பதை ஈழத்தில் கருப்பைக் கழுத்து என்கிறோம். சொல் இரண்டு இருந்தும் சொல்லுவார் குறைவு.

ஊசியின் பயன் குறித்து இனி விவாதமில்லை. இந்த வைரஸுக்கும் புற்றுநோய்க்குமுள்ள தொடர்பைக் கண்டறிந்த ஜேர்மனியர் ஹரால்ட் சூர் ஹவுசனுக்கு 2008 இல் நோபல் பரிசு கிடைத்தது. 2020 இல் வெளியான சுவீடன் ஆய்வு, 17 வயதுக்கு முன் ஏற்றிக்கொண்டவர்களுக்குப் புற்றுநோய் ஆபத்து 88 சதவீதம் குறைந்திருந்ததைக் காட்டியது. லண்டனிலும் டொரன்டோவிலும் வாழும் நம் உறவினரின் பிள்ளைகளுக்கு, ஆண்பிள்ளைகள் உட்பட, பாடசாலையிலேயே இது கிடைக்கிறது. இலங்கையின் பாடசாலைத் திட்டமோ பெண்பிள்ளைகளுடன் தொடங்கியது.

ஆனால் 2017 இல் ஊசி பெற்ற சிறுமியின் தாய்க்கு இந்த ஊசியால் பயனில்லை. அவருக்கு உரியது பப் பரிசோதனை. இலங்கையில் 1996 முதல் சுகவனிதையர் கிளினிக்குகள் இயங்குகின்றன. 35 வயதான பெண்களுக்கும், பின்னர் 45 வயதானவர்களுக்கும் அங்கு இலவசமாகப் பரிசோதனை செய்கிறார்கள். சில நிமிட வேலை. புற்றுநோயாக மாறுவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே மாற்றத்தைக் கண்டுபிடித்துவிடலாம். மகளின் கையைப் பிடித்து ஊசிக்கு அனுப்பிய அதே தாய், தனக்கென்று வரும்போது ‘எனக்கு ஒன்றுமில்லை’ என்கிறார். மகளுக்குப் பாடசாலை இருக்கிறது, தாய்க்கு இல்லை. அவரைத் தேடி மிஸ்ஸிதான் வர வேண்டும். கொட்டாஞ்சேனையின் தோட்டக் குடியிருப்புகளில் அது இன்னமும் சாத்தியம். வெள்ளவத்தையில் ஒழுங்கைகளின் பழைய வீடுகள் இடிக்கப்பட்டு எட்டு மாடி, பத்து மாடியென எழுந்துவிட்டன. வாசலில் காவலாளி பெயரைக் கேட்டுத் தன் பதிவேட்டில் எழுதுகிறார்; மேலே தொலைபேசியில் கேட்கிறார்; யாரையும் எதிர்பார்க்கவில்லை என்று பதில் வருகிறது. மிஸ்ஸி அடுத்த கட்டடத்துக்குப் போகிறார்.