கருணை நியமனமும் தங்கிவாழ்வோர் உரிமையும்: வன்னியை முன்வைத்துச் சில கேள்விகள்

அரச ஊழியர் ஒருவர் பணியிலிருக்கும்போது இறந்தால் அவருடைய குடும்பத்தில் ஒருவருக்கு வேலை கொடுப்பதே நியாயம் என்ற எண்ணம் நம்மிடையே ஆழமாகப் பதிந்திருக்கிறது. அதன் முழு வடிவத்தை இந்தியாவில் காணலாம். அங்கு நடுவண் அரசின் 1998ஆம் ஆண்டுத் திட்டப்படி, கருணை நியமனம் எனப்படும் இவ்வேலையைப் பெறுபவர் இறந்தவரில் தங்கியிருந்த ஏனையோரையும் பராமரிப்பதாக எழுதிக்கொடுக்க வேண்டும். தவறினால் வேலை பறிபோகலாம். ஆனால் வேலை பறிபோனால் கைவிடப்பட்ட தாய்க்கு என்ன கிடைக்கும்? அவருக்கு வரவேண்டிய பங்கு எந்தச் சம்பளத்தில் இருந்ததோ, அந்தச் சம்பளமே நின்றுவிடுகிறது. தண்டனை போய் விழுவது பாதுகாக்கப்பட வேண்டியவர் மேல்தான். இதை எழுத்துப்பிழையாகவோ அமுலாக்கக் குறையாகவோ கொள்ள முடியாது. பலருக்குச் சேர வேண்டியதை ஒருவர் பெயரில் கொடுத்துவிட்டு, மற்றவர்களை அவருடைய நல்லெண்ணத்திடம் ஒப்படைக்கும் முறையின் இயல்பு அது. உமேஷ் குமார் நாக்பால் வழக்கில் (1994) இந்திய உச்சநீதிமன்றம் இத்தகைய நியமனத்தை உரிமையாக ஏற்கவில்லை. திடீர் நெருக்கடியைக் கடக்க உதவும் விதிவிலக்கு என்றே வரையறுத்தது. விதிவிலக்கின் மேல் ஒரு குடும்பத்தின் நிரந்தர வாழ்வாதாரத்தைக் கட்டுவது எப்படி?

இறந்த ஊழியரின் குடும்பத்தைத் தாங்கும் கடமைக்கு இலங்கை முதன்மையாகத் தேர்ந்த வழி ஓய்வூதியம். விதவைகள், அநாதைகள் ஓய்வூதிய ஏற்பாடு 1898ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டத்தில் தொடங்கியது. மனைவியை இழந்த கணவரை 1983ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கச் சட்டம் சேர்த்துக்கொண்டது. ஊழியரின் சம்பளத்திலிருந்து மாதாமாதம் பங்களிப்பு கழிக்கப்படுவதால், குடும்பம் பெறுவது சலுகையாகாது. அந்தப் பணத்துக்காக எவருடைய தயவையும் எதிர்பார்க்கத் தேவையில்லை. கொள்கையளவில் இதுவே சரியான வடிவம் என்பது என் வாதம். அதன் ஓட்டை வேறிடத்தில் இருக்கிறது: வாழ்க்கைத்துணையும் பிள்ளைகளும் அதற்குள் வருகிறார்கள், பெற்றோர் வருவதில்லை. மணமாகாத மகனின் உழைப்பைப் பெற்றோரின் தேட்டத்தோடு சேர்த்து, பெற்றோரின் கடனையும் ஆண்மக்கள் தலையில் வைத்த தேசவழமை என்னும் வழக்காற்றுச் சட்டம் (1707இல் ஒல்லாந்தர் காலத்தில் தொகுக்கப்பட்டது) வட இலங்கையின் வன்னித் தமிழருக்கும் உரியது. அந்தச் சமூகத்தில் மணமாகாமல் இறந்த எழுதுவினைஞர் ஒருவரின் தாய்க்கு ஓய்வூதியச் சட்டத்தில் இடமில்லை. பிற சட்டங்களும் அவருக்கு முழுமையாக உதவுவதில்லை: 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கப் பராமரிப்புச் சட்டம் துணையையும் பிள்ளைகளையும் பற்றியது. முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் (2000) பெற்றோரைப் பராமரிக்கும் கடமையைப் பிள்ளைகள் மேல் சுமத்துகிறது. ஆகவே உயிரோடு ஒரு பிள்ளையேனும் இருந்தால்தான் அதற்குப் பொருள். 2009இல் முள்ளிவாய்க்காலில் போர் முடிந்த பின்னான முல்லைத்தீவில் அந்த முன்நிபந்தனையை எல்லா வீடுகளிலும் எதிர்பார்க்க முடியாது.

இதைவிடக் கடினமான சிக்கல் மரணச் சான்றிதழ். போர்க்காலத்தில் விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதியிலும் கிளிநொச்சி, முல்லைத்தீவுக் கச்சேரிகள் (மாவட்டச் செயலகங்கள்) இயங்கின; ஆசிரியர்களுக்கும் அலுவலர்களுக்கும் கொழும்பிலிருந்தே சம்பளம் வந்தது. 2009இல் போரின் இறுதி மாதங்களில் அவர்களும் சனத்தோடு சனமாக நகர்ந்தார்கள். காணாமல் போனவரை இறந்தவராகப் பதிய 2010ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டம் வழிவிட்டது. பல குடும்பங்கள் கையெழுத்திட மறுத்தன. போர் முடிவில் இராணுவத்திடம் ஒப்படைக்கப்பட்ட கணவனை மனைவியே இறந்தவர் என்று எழுதிக்கொடுத்தால், அவர் எங்கே என்று அரசைக் கேட்கும் வாய் அடைபடும் அல்லவா? 2016ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கத் திருத்தம் கொண்டுவந்த காணக்கிடைக்காமைச் சான்றிதழ் இந்த முடிச்சை ஓரளவு அவிழ்த்தது. ஆனால் மரணத்தால் வரும் உதவி எதுவும், கருணை நியமனம் உட்பட, அதே கையெழுத்தை மறுபடி கேட்கும் ஆபத்து இருக்கிறது. 2017 பெப்ரவரியில் கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் போராட்டம் தொடங்கிய, காணாமல் போனோரின் தாய்மார் 2022இல் அரசு அறிவித்த ஒரு இலட்சம் ரூபா உதவித்தொகையை மறுத்ததை, பிடிவாதம் என்று வாசிப்பவர்கள் இந்த இடத்தைத் தவறவிடுகிறார்கள்.

ஓய்வூதியமே சரியான வடிவம் என்ற என் வாதத்துக்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. ஓய்வூதியம் தேயும், 2022 செப்டெம்பரில் பணவீக்கம் ஏறத்தாழ 70 வீதத்தைத் தொட்டபோது நிலையான சிறுதொகை என்னவாயிற்று என்பது எல்லோருக்கும் தெரியும். உத்தியோகமோ சம்பள உயர்வோடும் மரியாதையோடும் வரும், குறிப்பாகப் பெண் தலைமைத்துவக் குடும்பங்களுக்கு. இந்த மறுப்பில் பாதி உண்மை. அதனால்தான் வேலை கொடுத்து உதவும் வழி வன்னியில் எப்படி நடைமுறையானது என்று பார்க்க வேண்டியிருக்கிறது. அப்போது பாதுகாப்பு அமைச்சின் கீழ் இருந்த சிவில் பாதுகாப்புத் திணைக்களம் போருக்குப் பின் இங்கே பண்ணைகளிலும் முன்பள்ளிகளிலும் முன்னாள் போராளிகளையும் பெண்களையும் வேலைக்கு அமர்த்தியது. ஏனைய முன்பள்ளி ஆசிரியைகள் பெற்றதைவிடப் பன்மடங்கு சம்பளம். அந்தப் பணம் அடுப்பை எரித்தது, மறுக்க முடியாது. ஆயினும் வேலை கொடுத்த கை எதுவோ அதன்முன் வாய்திறக்க முடியாத நிலையும் கூடவே வந்தது. கருணை என்ற பெயரில் தரப்படும் எந்த உத்தியோகத்துக்கும் இந்தக் கயிறு உண்டு. எண்ணிக்கையும் இடிக்கிறது: 2010இல் பிரதி அமைச்சராயிருந்த ஹிஸ்புல்லாஹ் வடகிழக்கில் 89,000 போர் விதவைகள் எனச் சொன்னார், அவர்களில் பலரின் கணவர்கள் விவசாயிகள், மீனவர்கள், கூலித் தொழிலாளர்கள். பணியில் இறந்தவரின் வாரிசுக்கு வேலை என்ற விதி அவர்களை எட்டிப்பார்க்காது.

ஆகவே மாற்ற வேண்டிய வரிசை எனக்கு இப்படித் தெரிகிறது. ஓய்வூதியச் சட்டத்தில் தங்கிவாழும் பெற்றோருக்குத் தனிப்பங்கு, அவரவர் வங்கிக் கணக்குக்கே. காணக்கிடைக்காமைச் சான்றிதழை மரணச் சான்றிதழுக்கு இணையாக ஏற்கும்படி ஓய்வூதியத் திணைக்களத்துக்கும் பிரதேச செயலகங்களுக்கும் கட்டாய அறிவுறுத்தல். தொகை வாழ்க்கைச் செலவோடு சேர்ந்து உயரும் ஏற்பாடு. அரச வேலையில் பெண் தலைமைத்துவக் குடும்பங்களுக்கு முன்னுரிமை தேவையானால், அது திறந்த ஆட்சேர்ப்பில், குடும்பநிலைக்கான புள்ளியாக, இறந்தவர் எந்த நாற்காலியில் இருந்தார் என்று கேட்காமல் வழங்கப்படட்டும்.