ரொட்டி உப்பிய கதை

கிளமெண்டியில் மாலை வேளையில் அடுக்குமாடி வீடுகளின் நடைபாதையில் போனால், சில நாட்களில் ஏதாவது ஒரு வீட்டிலிருந்து வெண்ணெய் மணம் வரும். உள்ளே ரொட்டி சுடுகிறார்கள். உள்ளங்கை அளவு உருண்டைகள். தட்டில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நிற்கும். பிய்த்தால் பஞ்சாக வரும். 'இது வெள்ளைக்காரன் பண்டம், இதில் நமக்கென்ன வரலாறு?' என்று எங்கள் தோட்டப் பள்ளிப் பிள்ளைகள் ஒருநாள் கேட்டார்கள். அவர்களுக்குச் சொன்ன மறுமொழியைத்தான் இன்று சற்று விரித்துச் சொல்கிறோம்.

பெயரிலேயே வரலாறு தொடங்கிவிடுகிறது. யாழ்ப்பாணத்தில் இதற்குப் 'பாண்' என்று பெயர்; அது போர்த்துக்கீசியர் விட்டுச் சென்ற சொல். சிங்கப்பூரில் 'ரொட்டி' என்கிறோம். மலாய்க்காரரும் அப்படியே சொல்கிறார்கள். அது இந்தியாவிலிருந்து அவர்கள் மொழிக்குப் போன சொல். ஆக, ஒரே பண்டத்துக்கு ஒரு பெயர் மேற்கிலிருந்து வந்தது, மற்றொன்று நம் பக்கத்திலிருந்து போனது.

மாவை உப்ப வைக்கும் பொருளின் கதை இன்னும் சுவையானது. கோவாவில் குடியேறிய போர்த்துக்கீசியருக்குத் தங்கள் ஊர் ரொட்டி வேண்டியிருந்தது. அதைப் புளிக்க வைக்கும் பொருள் இல்லை. தென்னங்கள்ளை விட்டு மாவைப் பிசைந்தார்கள், ரொட்டி உப்பியது. அதே கள்ளைத்தான் கேரளத்திலும் இலங்கையிலும் ஆப்ப மாவில் விட்டார்கள். கள்ளைப் பொங்க வைப்பதும், இன்று பொட்டலத்தில் விற்கும் ஈஸ்ட்டும் ஒரே இனத்து நுண்ணுயிர்கள். ஹாலந்துக்காரர் லீவன்ஹூக் 1680இல் தம் உருப்பெருக்கிக் கண்ணாடியில் அவற்றைச் சிறு உருண்டைகளாகப் பார்த்தார். அவை உயிருள்ளவை என்பது அவருக்குத் தெரியாது. சர்க்கரையைத் தின்று கரியமில வாயுவையும் சாராயத்தையும் வெளியிடுவது அந்த உயிர்களே என்று 1857இல் எடுத்துக்காட்டியவர் பிரெஞ்சு அறிஞர் லூயி பாஸ்டர். நம் பாட்டிமார் பெயர் தெரியாமலே அந்த உயிரை வேலை வாங்கியிருக்கிறார்கள்!

சிங்கப்பூருக்கு வருவோம். ஆங்கிலேயர் வீடுகளிலும் கப்பல்களிலும் சமையல் வேலை பார்த்த ஹைனான் சீனர்கள் ரொட்டி சுடக் கற்றார்கள். பிறகு கோப்பிக் கடைகளும் ரொட்டிக் கடைகளும் வைத்தார்கள். சுட்ட ரொட்டியை வீட்டு வாசலுக்குக் கொண்டு வந்தவர்களில் நம்மவர் பலர். மிதிவண்டியின் பின்னால் பெட்டி கட்டி, மணியடித்துக்கொண்டு வருவார் ரொட்டி பாய். கேட்டவருக்கு அங்கேயே ரொட்டியை அறுத்து, மார்ஜரினும் காயாவும் தடவிக் கொடுப்பார். விற்றதோடு நிற்கவில்லை, சுட்டவர்களும் உண்டு. பினாங்கில் பேர்பெற்ற 'ரொட்டி பெங்காலி'யைச் சுட்டு விற்றவர்கள் தமிழ் முஸ்லிம்கள். பேரில்தான் பெங்காலி!

1942இல் ஜப்பானியர் ஆட்சி வந்ததும் கோதுமை மாவு அரிதாயிற்று. மரவள்ளிக்கிழங்கு மாவில் ரொட்டி செய்து பார்த்தார்கள். ரப்பர் போல இழுபட்டது. காரணம் உண்டு. கோதுமை மாவைத் தண்ணீர் விட்டுப் பிசைந்தால் அதிலுள்ள புரதம் வலை போலப் பின்னிக்கொண்டு வாயுவைப் பிடித்து வைக்கும். கிழங்கு மாவில் அந்த வலை இல்லை. வாயு உண்டானாலும் ஓடிவிடும்.

போருக்குப் பின் பெரிய மாற்றங்கள் வந்தன. 1961இல் தொடங்கிய பிரைமா நிறுவனம் சிங்கப்பூரிலேயே கோதுமையை அரைத்தது. 1970களின் பின்பாதியில் கிளமெண்டி புதுநகர் எழும்பியது. 1978இல் புக்கிட் தீமா பிளாசாவில் சிறு கடையாகத் தொடங்கிய கார்டினியா, 1983இல் கிளமெண்டிக்குத் தெற்கே பண்டான் லூப்பில் ஆலை வைத்தது. ஆலை ரொட்டி துண்டு போட்டு, உறைக்குள் அடைந்து வந்தது. கெடாமல் நாலைந்து நாள் இருந்தது. மாடி வீடுகளுக்கு மிதிவண்டி ஏறவும் முடியாது. ரொட்டி பாயின் மணியோசை தேய்ந்தது. ஆலையைக் குறை சொல்லவில்லை. அந்த ரொட்டியைத் தின்றுதான் நாங்களும் பள்ளிக்கூடம் போனோம். ஆனால் பழைய புகைப்படங்களைப் பாருங்கள். மிதிவண்டியோடு நிற்கும் அந்த மனிதருக்குக் கீழே பெரும்பாலும் 'இந்திய ரொட்டி வியாபாரி' என்று மட்டுமே இருக்கும். ஊர் இல்லை, பேர் இல்லை. அவரிடம் வாங்கித் தின்ற தாத்தா பாட்டி உங்கள் வீட்டில் இருந்தால், பேரைக் கேட்டு இப்போதே எழுதி வையுங்கள். இன்னும் பத்தாண்டு போனால் கேட்க ஆள் இருக்காது.

2020இல் நோய்த்தொற்றுக் காலத்தில் வீட்டோடு அடைந்திருந்தபோது பலரும் தாமே ரொட்டி சுடத் தொடங்கினார்கள்; சில வாரங்கள் கடைகளில் ஈஸ்ட்டுக்கே தட்டுப்பாடு. நாங்களும் அப்போதுதான் கற்றோம். முதல் தடவை கொதிக்கும் பாலை ஊற்றி ஈஸ்ட்டைக் கொன்றுவிட்டோம், ரொட்டி கல்லாயிற்று. பால் விரல் பொறுக்கும் சூட்டில் இருக்க வேண்டும். அரைக் கிலோ ரொட்டி மாவுக்கு 7 கிராம் ஈஸ்ட், 300 மில்லி பால், 60 கிராம் வெண்ணெய், 50 கிராம் சர்க்கரை, ஒன்றரைத் தேக்கரண்டி உப்பு. மாவு மிருதுவாகி இழுபடும்வரை பிசைய வேண்டும். வெண்ணெய் அந்தப் புரத வலையை இளக்குவதால்தான் ரொட்டி மெத்தென்று இருக்கிறது. குளிர்நாட்டுப் புத்தகம் ஒன்றரை மணி நேரம் ஊற வை என்றால் நம்பாதீர்கள். சிங்கப்பூர் வெக்கையில் முக்கால் மணியிலேயே மாவு இரட்டிக்கும். பதினைந்து உருண்டை பிடித்து, மறுபடி அரைமணி விட்டு, 180 பாகைச் சூட்டில் இருபது நிமிடம் சுடலாம். மேலே பொன்னிறம் வந்ததும் எடுத்து, ஆறுவதற்குள் வெண்ணெய் தடவிவிடுங்கள். ஆறிய பிறகு தடவினால் மேலேயே படிந்துவிடும், உள்ளே இறங்காது.