பி.டி. வாத்தியாரின் பூர்வீகம்

கழுத்தில் விசில், காலில் கேன்வாஸ் ஷூ, கையில் ஒரு பழைய வாலிபால். ஓமலூரிலிருந்து மோகனூர் வரை எந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தவருக்கும் இந்த உருவம் நினைவிருக்கும். மழை வந்தால் அவருடைய பீரியடைக் கணக்கு வாத்தியார் கேட்டு வாங்கிக்கொள்வார். மழை வராவிட்டாலும் வாங்கிக்கொள்வார்.

சிலம்ப ஆசானும் குஸ்தி உஸ்தாதும் இந்த மண்ணில் எப்போதோ இருந்தவர்கள்தான். ஆனால் மாதச் சம்பளம் வாங்கிக்கொண்டு, கல்வி நிலையத்துக்கு உள்ளேயே விளையாட்டைச் சொல்லித்தருகிற ஆள் நமக்குப் புதியவர். அவருடைய பூர்வீகத்தைத் தேடிப் போனால், பாதை அமெரிக்காவின் ஃபுட்பால் மைதானத்தில் போய் நிற்கிறது.

ஸ்பிரிங்ஃபீல்டில் ஒரு ஆட்டக்காரர்

அமெரிக்கர்களின் ஃபுட்பாலுக்குப் பெயர்தான் கால்பந்து. பந்து பெரும்பாலும் கையில்தான் இருக்கும். இரு முனையும் கூம்பிய பந்தை மார்போடு அணைத்துக்கொண்டு ஒருவர் ஓடுவார். எதிரணி பாய்ந்து சாய்க்கும். நம்மூர்ச் சடுகுடு ஆட்டக்காரருக்கு அந்தப் பிடி உடனே புரிந்துவிடும்.

அந்த ஆட்டத்தில் யேல் பல்கலைக்கழகத்துக்காகப் பெயர் வாங்கியவர் ஏமோஸ் அலோன்சோ ஸ்டாக். 1889-இல் முதன்முதலாகத் தேர்வான அகில அமெரிக்க அணியில் அவர் பெயரும் இருந்தது. பேஸ்பாலிலும் சூரர். பணம் தருகிறோம், தொழில்முறை ஆட்டக்காரராக வாருங்கள் என்று கூப்பிட்டார்கள், அவர் போகவில்லை. 1890-இல் மாசசூசெட்ஸ் மாநிலம் ஸ்பிரிங்ஃபீல்டில் இருந்த ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளிக்குப் போய் ஃபுட்பால் அணி ஒன்றைக் கட்டினார். அந்த அணியில் ஆடியவர்களில் ஒருவர் ஜேம்ஸ் நெய்ஸ்மித்.

1891 டிசம்பர். வெளியே பனி. மாணவர்களை உள்ளரங்கில் ஆடவைக்க ஏதாவது வேண்டும். நெய்ஸ்மித் பள்ளியின் கட்டடப் பராமரிப்பாளரிடம் இரண்டு பெட்டி கேட்டார். கிடைத்தவை பீச் பழக்கூடைகள். பால்கனி விளிம்பில் பத்தடி உயரத்தில் அவற்றை ஆணி அடித்து மாட்டினார்கள். கூடைக்கு அடிப்பாகம் உண்டு. பந்து உள்ளே விழுந்தால் ஒருவர் ஏறிப்போய் எடுத்துத்தர வேண்டும். கூடைப்பந்து பிறந்தது அப்படித்தான்.

ஸ்டாக் 1892-இல் சிகாகோ பல்கலைக்கழகத்துக்குப் போனார். இங்கேதான் வரலாறு திரும்புகிறது. பல்கலைக்கழகம் அவரை வெறும் ஆட்ட வாத்தியாராக வைத்துக்கொள்ளவில்லை. பேராசிரியர் அந்தஸ்து, தனித் துறை, நிரந்தர வேலை எல்லாம் கொடுத்தது. 1932 வரை அங்கே இருந்தார். எழுபது வயதில் ஓய்வு கொடுத்ததும் வேறொரு கல்லூரிக்குப் போய் மேலும் 14 சீசன் பயிற்சி தந்தார்.

ஆடி முடித்தவருக்குக் கல்லூரியில் நாற்காலி என்ற வழக்கம் அமெரிக்காவில் வேர்விட்டது இப்படி. தொழில்முறை ஃபுட்பாலின் பெரிய நட்சத்திரமான டீயான் சாண்டர்ஸ் 2020-இல் ஜாக்சன் ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்கும், பிறகு கொலராடோ பல்கலைக்கழகத்துக்கும் பயிற்சியாளராகப் போனது அந்த வழக்கத்தின் இன்றைய முகம். அமெரிக்காவின் பல மாநிலங்களில் அரசுச் சம்பளப் பட்டியலின் உச்சியில் இருப்பவர் கவர்னர் அல்ல, பல்கலைக்கழக ஃபுட்பால் கோச்.

1920: கேன்டனிலும் சென்னையிலும்

1920 செப்டம்பரில் ஒஹையோ மாநிலம் கேன்டன் நகரத்தில், ஒரு கார் ஷோரூமில் கூடிப் பேசிச் சில அணிக்காரர்கள் ஒரு சங்கம் தொடங்கினார்கள். இன்று என்.எஃப்.எல். என்று உலகம் அறிந்த தொழில்முறை ஃபுட்பால் லீக் அதிலிருந்து வந்தது.

அதே 1920-இல் சென்னையிலும் ஒரு தொடக்கம். ஸ்பிரிங்ஃபீல்டில் படித்துவிட்டு இங்கே வந்திருந்த ஹாரி குரோ பக், உடற்கல்வி ஆசிரியர்களை உருவாக்க ஒரு பள்ளியைத் தொடங்கினார். பிற்பாடு நந்தனத்தில் அடையாற்றங்கரையில் நிலைகொண்ட ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி அதுதான். 1924 பாரிஸ் ஒலிம்பிக்குக்குப் போன இந்திய அணிக்கு மேலாளரும் பக்தான். விளையாட்டு விதிகளைத் தொகுத்துப் புத்தகமாகப் போட்டார். 1943-இல் மறையும்வரை இந்த நாட்டிலேயே வேலை செய்தார்.

அங்கே படித்தவர்கள் பள்ளிகளுக்கும் கல்லூரிகளுக்கும் பரவினார்கள். வாலிபால் நெட் கட்டுவது, சுண்ணாம்புக் கோடு இழுப்பது, ஹீட்ஸ் வைத்து ஓட்டப்பந்தயம் நடத்துவது எல்லாம் ஒரு படிப்பாக, ஒரு வேலையாக வேரூன்றியது இந்த வழியில்தான். ஸ்பிரிங்ஃபீல்டின் பாடம் முழுசாக வந்து சேர்ந்தது. சிகாகோ கொடுத்த நாற்காலி மட்டும் கப்பல் ஏறவில்லை.

பெரியவடகம்பட்டியில்

அந்த நாற்காலி இல்லாத ஊரில் ஆட்டக்காரருக்கு என்ன கிடைக்கிறது? சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டியில் 1995-இல் பிறந்தவர் மாரியப்பன் தங்கவேலு. ஐந்து வயதில் பள்ளிக்குப் போகும்போது பஸ் ஏறி வலது காலின் முழங்காலுக்குக் கீழ்ப்பகுதி நசுங்கியது. செங்கல் சுமந்தும் பிறகு காய்கறி விற்றும் வளர்த்தவர் தாய் சரோஜா. அந்தப் பையனை உயரம் தாண்டப் பழக்கியவர் பள்ளியின் உடற்கல்வி ஆசிரியர் ராஜேந்திரன். 14 வயதில், இரண்டு காலும் நன்றாக உள்ள பிள்ளைகளோடு முதல் போட்டியில் இறங்கி, இரண்டாவதாக வந்தார்.

பிறகு சேலம் ஏ.வி.எஸ். கல்லூரியில் பி.பி.ஏ. படித்தார். 2013-இல் பெங்களூரில் நடந்த தேசியப் போட்டியில் பயிற்சியாளர் சத்தியநாராயணாவின் கண்ணில் பட்டார். 2016 ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம். டோக்கியோவில் மழைக்கிடையே 1.86 தாண்டி வெள்ளி. 2024 பாரிஸில் 1.85 தாண்டி வெண்கலம். மூன்று பாராலிம்பிக், மூன்று பதக்கம்.

அவருக்குக் கிடைத்த வேலைகளைக் கவனியுங்கள். 2018-இல் இந்திய விளையாட்டு ஆணையம் அவரைப் பயிற்சியாளராக நியமித்தது. 2021-இல் தமிழக அரசு, காவிரிக்கு அக்கரையில் புகளூரில் ஆலை வைத்திருக்கும் டி.என்.பி.எல். காகித நிறுவனத்தில் விற்பனைப் பிரிவின் துணை மேலாளர் பதவி கொடுத்தது. கௌரவமான வேலை, குடும்பத்துக்கு நிம்மதி. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஆட்டக்காரரை நாம் கொண்டாடும் விதம் இந்த இரண்டாவது வேலையில் தெரிகிறது: ரயில்வே, போலீஸ், வங்கி, மின்வாரியம் என்று எங்காவது ஒரு மேஜை போட்டு உட்காரவைப்போம். அவர் கற்ற வித்தை அந்த மேஜையில் செலவாகாது.

கல்லூரி வாசல் இன்னும் குறுகலானது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிகளின்படி, ஆசிய விளையாட்டுப் போட்டியிலோ காமன்வெல்த் போட்டியிலோ பதக்கம் வென்றவரே ஆனாலும், கல்லூரியில் உடற்கல்வி இயக்குநர் ஆக முதுகலைப் பட்டம் வேண்டும். பத்து வயதிலிருந்து மைதானத்தில் கிடந்தவரில் எத்தனை பேரிடம் அது இருக்கும்?

சட்டையில் ஒரு பெயர்

சேலத்துக்கு மேற்கே சின்னப்பம்பட்டி. அங்கே டென்னிஸ் பந்தில் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்த நடராஜனைச் சென்னை வரை கொண்டுசேர்த்தவர், அதே ஊரில் ஆடிக்கொண்டிருந்த மூத்தவர் ஜெயப்பிரகாஷ். எந்த நிறுவனமும் அவரைக் கோச் என்று நியமிக்கவில்லை. நடராஜன் அவருடைய பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து 'ஜே.பி. நட்டு' என்று தன் சட்டை முதுகில் போட்டுக்கொண்டார். 2020–21 ஆஸ்திரேலியப் பயணத்தில் ஒருநாள், டி20, டெஸ்ட் மூன்றிலும் அறிமுகமானார். ஒரே பயணத்தில் அப்படி ஆன முதல் இந்தியர் அவர்.

நடராஜன் ஊரில் அகாடமி தொடங்கினார், சின்னப்பம்பட்டியிலேயே மைதானமும் அமைத்தார். 2023 ஜூனில் கிரிக்கெட் வீரர் தினேஷ் கார்த்திக் அந்த மைதானத்தைத் திறந்துவைத்தார். ஆடிச் சம்பாதித்ததில் ஒரு பங்கு, அடுத்த பையனின் ரன்-அப்புக்கு மண்ணாகிறது. அமெரிக்காவில் பல்கலைக்கழகம் செய்கிற வேலையை இங்கே ஒரு ஆட்டக்காரர் தன் கைக்காசில் செய்கிறார்.

இந்தச் சேலம்–நாமக்கல் சமவெளிக்குப் பயிற்சி என்பது தெரியாத விஷயமல்ல. பிளஸ் டூ மார்க்குக்காக மாநிலம் முழுவதிலிருந்தும் பிள்ளைகளை நாமக்கல் ஹாஸ்டல்களுக்கு வரவழைத்தது இதே மண்தான். நல்ல வாத்தியாரைத் தேடிப்பிடித்து, கேட்ட சம்பளம் கொடுத்து, விடிகாலை முதல் வேலை வாங்கி விளைச்சல் காட்டும் சாமர்த்தியம் நம் கல்வி நிறுவனங்களுக்கு உண்டு. அதில் பத்தில் ஒரு பங்கை மைதானத்தின் பக்கம் திருப்பினால் போதும். ஆடி ஓய்ந்த கபடி வீரரும் வாலிபால் வீரரும் மேஜைக்குப் பின்னால் காத்திருக்கிறார்கள். கூப்பிட வேண்டியது கல்லூரிகள்தான்.

(தொடரும்)