லைசன்ஸ் கேட்காத துவக்கு

துவக்குச் சட்டம் இறுகினால் சாவு குறையும் என்று சொல்றாங்க. தனியார் கையிலுள்ள துவக்குகளைப் பொறுத்தவரை நாங்களும் அதை ஏற்கிறோம். ஆனால் பசறைப் பக்கத்துத் தோட்டங்களில் வளர்ந்த எங்களுக்கு இன்னொரு கேள்வியும் இருக்கு: பொலிஸ் கையிலிருக்கும் துவக்குக்கு யார் பொறுப்பு?

இலங்கையில் 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுபடைக்கலங்கள் கட்டளைச் சட்டப்படி, துவக்கு வைத்திருக்க லைசன்ஸ் வேணும். லயத்துக் காம்பிராவில் துவக்கு ஏது? எங்க ஆட்கள் கையில இருந்தது கவ்வாத்துக் கத்திதான்.

1940 ஜனவரி 10. ஹேவாஹெட்டைப் பக்கம் முல்லோயா தோட்டத்தில் சம்பள உயர்வு கேட்டு வேலைநிறுத்தம். பொலிஸ் சுட்டதில் கோவிந்தன் இறந்தார். அதே வருஷம் மே மாதம் பதுளை வெவெஸ்ஸ தோட்டத்திலும் வேலைநிறுத்தம். அங்கே போன ஆயுதப் பொலிஸாரிடமிருந்து தொழிலாளர்கள் துவக்குகளைப் பறித்துவிட்டதாக சமசமாஜக் கட்சியின் வரலாறு சொல்லுது.

முல்லோயாச் சூட்டை விசாரிக்க ஆணைக்குழு அமைத்தாங்க. கோவிந்தனின் மனைவி சார்பில் கொல்வின் ஆர். டி சில்வா வாதாடினார். அதோடு முடிஞ்சுதா? 1977 மே 11, டெவன் தோட்டம். 7,000 ஏக்கர் தோட்டக் காணி பறிபோவதை எதிர்த்த போராட்டத்தில் சிவனு லெட்சுமணன் பொலிஸ் சூட்டில் இறந்தார்.

இந்த ரெண்டு சாவையும் லைசன்ஸ் சட்டம் தடுத்திருக்க முடியாது. சுட்டது அரசின் துவக்கு. அதனால் துவக்குச் சட்டம் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம், கூட்டத்தைப் பார்த்துச் சுடச் சொன்னது யார், அவர் யாருக்குப் பதில் சொல்லணும் என்பதையும் சேர்த்தே கேட்போம்.