இரும்பு தின்னும் ஜந்து

என் நண்பன் ஒருத்தன் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்துல டிராகன் ஊதின நெருப்புல சிரிச்சுகிட்டே செத்தான். அதே ஆள், வேற ஒரு நாள் அவனோட கவசம் துருப்பிடிச்சு உதிர்ந்தப்ப என்கூட ஒரு வாரம் பேசலை!

இந்த ஆட்டம் தெரியாதவங்களுக்கு: பேப்பர், பென்சில், பகடை. ஒருத்தர் கதையை நடத்துவார், மத்தவங்க வீரனாவோ மந்திரவாதியாவோ அதுக்குள்ள உலாவுவாங்க. அவ்வளவுதான்.

கவசத்தைத் தின்னது ரஸ்ட் மான்ஸ்டர். இதோட பிறப்பே ஒரு கூத்து. அமெரிக்காவுல விஸ்கான்சின் மாநிலத்து லேக் ஜெனீவாக்காரர் கேரி கைகாக்ஸ். டேவ் ஆர்னசனோட சேர்ந்து 1974-ல இந்த ஆட்டத்தை வெளியிட்டவர். ஹாங்காங்ல செஞ்ச மலிவு பிளாஸ்டிக் பொம்மைகள் ஒரு பை வாங்கினார். பேருக்குத்தான் ஆதிகால விலங்குகள், எந்த டைனோசர் புத்தகத்துலயும் அதுங்க கிடையாது. அதுல ஒண்ணுக்கு வால் நுனியில விசிறி மாதிரி ஏதோ இருந்தது. அதுதான் நம்மாளு. ஆந்தைத் தலைக் கரடியான அவுல்பேரும் அதே பைதான். ரெண்டும் 1975-ல கிரேஹாக் துணைநூல்ல வந்துச்சு.

இதுக்குக் கடிக்கத் தெரியாதுன்னே வச்சுக்கலாம். உணர்கொம்பால தொட்டா இரும்பு துருவாகிடும், அதைத் தின்னும். 1977 மான்ஸ்டர் மேனுவல்படி மந்திரக் கவசத்துக்கும் தப்பில்லை, ஒரு பிளஸ்ஸுக்கு பத்து சதவீதம்தான் தப்பிக்க வாய்ப்பு. அதாவது பிளஸ் டூ கவசத்துக்கு வெறும் 20. ஆறு மாசம் ஆடிச் சம்பாதிச்சது ஒரே தொடல்ல காலி.

அழுகை அதிகமாச்சு போல, பிற்பாடு பல்லைப் பிடுங்கிட்டாங்க. 2014 பதிப்புல மந்திரப் பொருளை இது தொடவே தொடாது. சாதாக் கவசமும் கொஞ்சம் கொஞ்சமாத்தான் கெடும். என்னைக் கேட்டா இது அநியாயம். உயிர் போனா புது ஆள் எழுதிக்கலாம், பேர் வச்ச வாளுக்கு மாத்து ஏது? அந்த பயத்தை எடுத்துட்டா மிஞ்சுறது ஒரு கரப்பான்பூச்சி.

இப்பல்லாம் இதைப் பாதி வழியில குறுக்க விட்டு, கடுப்பேத்திட்டு அனுப்பிடறாங்க. முழுக்கதையையும் இதுமேல கட்டலாம்ங்க. ஒரு இரும்புச் சுரங்க ஊர். கலப்பைக் கொழு போச்சு, கிணத்து ராட்டினம் போச்சு, சிறைக்கதவும் போச்சு (உள்ள இருந்தவன் எங்க?). கொல்லன் பட்டறை மூடிக் கிடக்கு. ஜந்து கெட்டதும் இல்லை, பசிச்ச பிராணி. அதைக் கொல்லணுமா, ஓட்டணுமான்னு ஊரே ரெண்டுபட்டு நிக்குது. வாளும் கவசமும் போட்ட வீரர்கள்தான் அங்க முதல் பலியாடு. பழைய விதியில ஒரு அருமையான தந்திரமும் இருக்கு: கைநிறைய இரும்பு ஆணிகளை வீசினா, நின்னு தின்னுட்டுத்தான் துரத்தும். ஆக, எத்தனை ஆணி கையில இருக்குங்கறதே உயிர்ப்பிரச்சினை ஆகிடும்.

வர்ற ஞாயித்துக்கிழமை இதைத்தான் நடத்தப் போறேன். பேசாம இருந்த நண்பனும் வர்றான். இந்தத் தடவை அவன் ஆளோட ஆயுதம் உலக்கையாம் :-)